கோவிவன் முதல் இராஜபாளையம் வரை: தமிழ்நாட்டு நாய்களின் வழிமரபு

நாமக்கல் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலை, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, எடப்புளி நாடு என்பன போன்ற 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இன்று ஊராட்சிகளாக இயங்கும் இவை, மலையாளிகள் எனப்படும் அம்மலைவாழ் மக்களின் பழைய நாட்டமைப்பின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய ஊர்கள் தத்தம் பெயரில் நாய் இனங்களைத் தந்ததுபோல, எடப்புளி நாடோ கொல்லிமலையின் வேறொரு நாடோ எந்த இனத்துக்கும் பெயர் தந்ததில்லை. அங்கே வீட்டு வாசலிலும் கொல்லையிலும் காவல் இருப்பது, தானே இணை தேடிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருகி வந்த நாட்டு நாய். எனினும், பெற்றோரின் பண்பு குட்டிக்கு எவ்வாறு இறங்குகிறது, ஓர் இனம் எவ்வாறு உருவாகிறது, பின்னர் எதனால் நலிகிறது என்னும் கேள்விகளை இம்மலையிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. பெயர் பெற்ற இனங்கள் சிறிது சிறிதாக இழந்து வரும் ஒரு செல்வத்தை, அதாவது பண்புகளின் விரிவை, பெயரற்ற இந்த நாட்டு நாயும் அதே மலையில் விளையும் சாமையும் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கின்றன.

கொல்லிமலை, வேட்டையோடு பெயர் பிணைந்த மலை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஒரே அம்பு ஊடுருவிச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றில் பாடும் வல்வில் ஓரி இம்மலைக்கு உரியவன். சங்க நூல்கள் நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்குகின்றன. வேட்டுவரோடு காடு ஏறுவதும், மனையையும் மந்தையையும் காப்பதும் அதன் தொழில்களாக அந்நூல்களில் வருகின்றன. நாய் மதிக்கப்பட்டது அதன் தொழிலால்தான். மோப்பம் தவறாத நாயின் குட்டிக்கு ஊரில் கேட்பார் இருந்தனர். பன்றியைக் கண்டு பின்வாங்கிய நாயின் குட்டியை எவரும் தேடி வந்து வாங்கவில்லை. புதிய இனம் ஒன்றைப் படைக்க வேண்டும் என்ற திட்டம் எவருக்கும் இல்லாதபோதும், நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் இந்தச் சிறு செயல் பல நூறு தலைமுறை தொடர்ந்தால் விலங்கின் உடலும் இயல்பும் மாறிவிடும் என்பதை 1859-இல் வெளியான தம் நூலில் சார்லஸ் டார்வின் விளக்கி, அதனைத் தன்னறியாத் தேர்வு என்ற கருத்தில் அடக்கினார். தமிழ்நாட்டு வேட்டை நாய்களின் முதல் வரலாறு இத்தகைய தேர்வின் வரலாறே ஆகும்.

அந்தத் தேர்வின் அளவுகோல் எதுவாக இருந்தது என்பதற்குக் கல்லில் எழுதிய சான்று ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறுத்தப்பட்டது. கள்வரோடு பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவமும், அவனருகே ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவலாக நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஆட்சியாண்டு, தலைவன் பெயர், நாயின் பெயர், அது செய்த செயல் ஆகிய நான்கும் அந்தச் சிறு கல்லில் இடம்பெற்றுள்ளன. நாயின் நிறம் பற்றியோ மூக்கு பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஒரு நாயை நினைவில் நிறுத்த எவை தேவை என அக்காலத்தார் கருதினர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது.

பிற்காலத்தில், பாளையக்காரர் ஆண்ட தென்மாவட்டங்களில், தொழிலும் நிலமும் இணைந்து நாய்களைத் தனித்தனி வடிவங்களாகப் பிரித்தன. கரிசல் வெளியில் முயலைத் துரத்திப் பிடிக்க வேண்டிய சிப்பிப்பாறையும் கன்னியும், நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு ஆகியவற்றோடு கண்ணால் பார்த்து ஓடும் நாய்களாக அமைந்தன. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக் கோம்பை, செம்பழுப்பு உடலும் கறுத்த முகமும் வலிய தாடையும் கொண்டு பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் ஏற்றதாயிற்று. இராஜபாளையம், பெரிய உடலும் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய காவல் நாயாகவும் பன்றி வேட்டை நாயாகவும் புகழ் பெற்றது. ஊர்ப்பெயரே இனப்பெயராக நிலைத்தது தற்செயல் அன்று. போக்குவரத்து அரிதாயிருந்த காலத்தில் ஓர் ஊரின் நாய்கள் பெரும்பாலும் அவ்வூரிலும் அண்டை ஊர்களிலுமே இணை சேர்ந்தன. அதனால் அவற்றின் உருவம் ஒத்துப்போய், காண்போர் அடையாளம் சொல்லும் அளவுக்கு நிலைபெற்றது.

பண்பு இறங்கும் வழியைப் பற்றி இந்த வளர்ப்போருக்கு இருந்த அறிவு சிறிதன்று. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்னும் பழமொழியைக் குட்டி தேர்வதிலும் அவர்கள் பின்பற்றினர். வேட்டையில் சிறந்த பெட்டையின் ஈத்தில் பிறந்த குட்டிக்கே முதல் மதிப்பு. இந்த அறிவில் ஒரு பாதி சரியானது, மறு பாதி முழுமையற்றது. நாயின் ஒவ்வோர் உயிரணுவிலும் 39 இணை குரோமோசோம்கள், அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள், உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று கடுவனிடமிருந்தும் வருவதால், குட்டியின் ஆக்கத்தில் இருவரின் பங்கும் ஏறத்தாழச் சமமே. மேலும், பெற்றோரில் வெளிப்படாத பண்பு குட்டியில் வெளிப்படக்கூடும் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அதைக் கணக்காக வகுத்துக் காட்டியவர் கிரிகோர் மெண்டல். பட்டாணிச் செடிகளில் ஏழு பண்புகளை ஆராய்ந்து அவர் 1866-இல் வெளியிட்ட முடிவுகள், உரிய கவனம் பெறாமல் கிடந்து 1900-இல் மீண்டும் கண்டறியப்பட்டபின், மரபியல் என்னும் துறைக்கு அடித்தளமாயின. ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு படிகள் உயிரில் உள்ளன. அவற்றுள் ஒன்று மற்றதை மறைத்துத் தன்னை வெளிக்காட்டினால் அது ஓங்கு பண்பு, மறைந்து நின்று இரு படிகளும் ஒன்றாக அமையும்போது மட்டும் வெளிப்படுவது ஒடுங்கு பண்பு. இதுவே அவர் கண்ட உண்மையின் சாரம்.

கரிசல் நாட்டு நாயின் நிறம் ஒன்றைக் கொண்டே இதனை விளக்கலாம். கருத்த உடலும், புருவத்தின் மேல் இரு பொட்டுகளும், கன்னத்திலும் மார்பிலும் கால்களிலும் செம்பழுப்பும் கொண்ட நாயைக் கன்னி என அழைப்பர்; அதே வட்டாரத்தின் கன்னி ஆடும் கருத்த உடலில் வெளிர் கோடுகள் உடையதாகவே இருப்பதும், கோடு வெண்மையானால் பால்கன்னி, சிவந்தால் செங்கன்னி எனப் பிரித்துச் சொல்லப்படுவதும், நிறக்கோலத்தைக் கூர்ந்து பார்த்துப் பெயரிட்ட மக்களின் அறிவுக்குச் சான்று. நாய்களில் இக்கோலத்தை ஆள்வது அகூட்டி எனப் பெயர் பெற்ற மரபணு. அதன் செவலை வடிவம் ஓங்கியும், கருமை மேல் செம்பொட்டு வடிவம் ஒடுங்கியும் நிற்பதால், செவலைக் கடுவனும் செவலைப் பெட்டையும் இணைந்த ஈத்தில் ஒரு கன்னி நிறக் குட்டி பிறப்பது இயல்பே. பெற்றோர் இருவரும் ஒடுங்கிய படி ஒன்றை மறைவாகச் சுமந்திருந்தால், நான்கு குட்டிக்கு ஒன்று என்ற விகிதத்தில் இது நேரும். அத்தகைய குட்டியைக் கண்டதும் வேறொரு கடுவன் இடையில் வந்துவிட்டது என்று பெட்டையின் மேல் ஐயம் கொள்வது வளர்ப்போரிடையே எளிதில் எழும் எண்ணம். ஒரே பருவத்தில் இரு கடுவன்களோடு சேர்ந்த பெட்டை, ஒரே ஈத்தில் இருவரின் குட்டிகளையும் ஈனுவது உண்மையில் நிகழக்கூடியதுதான். ஆயினும் நிறம் மாறிப் பிறந்த ஒரு குட்டியை மட்டும் கொண்டு அம்முடிவுக்கு வர இயலாது என்பதையே மெண்டலின் கணக்கு காட்டுகிறது.

நிறம் மறைந்து வருவதுபோலவே நோயும் மறைந்து வரும். ஒடுங்கிய குறைபாட்டுப் படி ஒன்றை மட்டும் சுமக்கும் நாய், முழு நலத்தோடு ஓடும், உண்ணும், வேட்டையாடும். அதனைச் சுமப்பி என்பர். சுமப்பிகள் இரண்டு இணையும்போது ஒவ்வொரு குட்டிக்கும் குறைபாடு வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எட்டுக் குட்டிகள் பிறந்த ஈத்து ஒன்றில் எட்டும் நலமாக இருக்கும் வாய்ப்பு, நான்கில் மூன்று என்னும் பின்னத்தை எட்டு முறை பெருக்கினால் கிடைப்பது, ஏறத்தாழ 10 விழுக்காடு. அதாவது, குறைபாட்டை உள்ளே வைத்திருக்கும் இணைகளிலும் பத்தில் ஒன்று, எட்டுக் குட்டிகளையும் பழுதின்றிக் காட்டி உரிமையாளரை நம்ப வைத்துவிடும். ஓர் ஈத்து நன்றாக வந்தது என்பது பெற்றோருக்கு அளிக்கப்படும் நற்சான்று ஆகாது. அடுத்தடுத்த ஈத்துகளையும், உடன்பிறந்த நாய்களின் குட்டிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதே மறைந்திருப்பது புலப்படும்.

இராஜபாளையத்தின் வெண்மையில் இச்சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. இனத்தின் தூய்மை என்றால் பால் வெள்ளை என்றாகிவிட்டபின், திட்டும் புள்ளியுமாகப் பிறந்த நிறக் குட்டிகளை ஒதுக்கும் வழக்கம் தலைமுறைகளாக நிலவியது. அவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதும் வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கருவில் நிறமியை உருவாக்கும் உயிரணுக்கள் முதுகுப்புறத்தில் தோன்றி, உடலெங்கும் பரவித் தோலையும் மயிரையும் சேர்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி உட்காதுக்குள் சென்று, அங்குள்ள நீர்மத்தின் உப்பு நிலையைக் காக்கும் மெல்லிய பட்டையில் இடம் பிடிக்கிறது. பரவுதலைத் தடுத்து உடலை வெண்மையாக்கும் மரபுக்கூறு, சில குட்டிகளில் உட்காதுக்கும் அவ்வுயிரணுக்களைச் செல்லவிடுவதில்லை. அப்போது அந்தப் பட்டை சிதைந்து, அதனைச் சார்ந்த கேட்கும் நுண்மயிர் உயிரணுக்களும் பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் மடிந்துவிடுகின்றன. எல்லா வெள்ளை நாய்க்கும் இது பொருந்தாது. மயிரின் மஞ்சள் நிறம் மட்டும் வெளிறிய இனங்களில் மூக்கும் இமையோரமும் கருத்தே இருக்கும். அவற்றின் காது பாதிக்கப்படுவதில்லை. மூக்கும் இமையும் இளஞ்சிவப்பாக இருப்பது, நிறமி உயிரணு அவ்விடங்களுக்கே வந்து சேரவில்லை என்பதன் அடையாளம்.

இக்குறைபாடு மெண்டலின் எளிய விகிதத்துக்குள் அடங்காமல், பல மரபணுக்களின் கூட்டு விளைவாக வருவது என்பதை டால்மேஷன் இனத்தில் நடந்த நீண்ட ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரு காதுகளோ கேட்பதில்லை, அவற்றுள்ளும் ஒரு காது மட்டும் பழுதானவையே மிகுதி. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கும் சோதனை இங்கேதான் தவறிவிடுகிறது: ஒரு காது கேட்கும் குட்டி தட்டல் ஒலிக்குத் திரும்பிப் பார்க்கும், தேறியதாகக் கருதப்பட்டு வளர்ந்து, இணை சேர்க்கப்பட்டுத் தன் குறையை அடுத்த தலைமுறைக்கு அளிக்கும். தலையில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலி எழுப்பி, மூளைத்தண்டில் எழும் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனையே ஒற்றைக் காதுச் செவிட்டைக் கண்டறியும் வழி; ஐந்து ஆறு வார வயதிலிருந்தே இதனைச் செய்யலாம். இச்சோதனையைச் செய்து, ஒரு காது பழுதான நாயையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்குவதும், நிறத் திட்டுகளோடு பிறந்த குட்டிகளை ஒதுக்காமல் இனத்துக்குள் வைத்துக்கொள்வதும், இராஜபாளையத்துக்குச் செய்யக்கூடிய முதல் நன்மைகள்.

வெண்மையின் மேல் இத்தனை பிடிவாதம் வந்ததற்குக் காலமும் ஒரு காரணம். 1873-இல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் தோன்றியபின், நாய் இனம் என்பது வரையறுக்கப்பட்ட உருவமும் மூடப்பட்ட வழித்தோன்றல் பதிவேடும் உடையது என்ற கருத்து உலகெங்கும் பரவியது. பதிவேட்டில் உள்ள பெற்றோருக்குப் பிறந்தாலன்றிப் புதிய நாய் உள்ளே வர இயலாது. தமிழ்நாட்டிலோ, வேட்டையைத் தடுத்த 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், நாயின் தொழிலே மறைந்தது. காட்டுயிரைக் காக்க அச்சட்டம் தேவையானது. அதே வேளையில், கால் வலியையும் மோப்பத்தையும் செவிக்கூர்மையையும் நாள்தோறும் சோதித்து வந்த களம் இல்லாமற்போகவே, தேர்வுக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறமும் மூக்கும் வாலும் மட்டுமே எஞ்சின. செவிட்டு நாய் வேட்டைக் களத்தில் முதல் நாளே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்காட்சி மேடையில் அது பரிசும் பெறலாம்.

எண்ணிக்கை குறைந்த இனத்தில் உறவுக்குள் இணை சேர்ப்பதும் தவிர்க்க இயலாததாகிறது. ஒரு குட்டி, ஒரே முன்னோரின் ஒரே மரபுப் படியைத் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் இருமுறை பெறும் வாய்ப்பை அளக்கும் முறையை 1922-இல் சீவல் ரைட் வகுத்தார்: உடன்பிறந்த நாய்கள் இணைந்தால் அது 25 விழுக்காடு, தந்தையும் மகளும் இணைந்தாலும் 25 விழுக்காடு, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான நாய்கள் இணைந்தால் 12.5 விழுக்காடு. புகழ் பெற்ற கடுவனையே எல்லாரும் நாடுவது இதனை விரைவுபடுத்துகிறது. 50 பெட்டைகளுக்கு 2 கடுவன்கள் மட்டும் பயன்பட்டால், மரபு விரிவைப் பொறுத்தவரை அந்த 52 நாய்களும் ஏறத்தாழ 8 நாய்கள் கொண்ட சிறு கூட்டத்துக்குச் சமம் என்பது ரைட்டின் சூத்திரம் தரும் விடை. கூட்டம் பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும். உள்ளே அது ஒரு கைப்பிடி அளவே. சிறிய ஈத்துகள், தங்காத சினை, எளிதில் நோய்க்கு இடம் தரும் உடல் ஆகியவை அதன் பின்விளைவுகள்.

இந்த இனங்களைக் காக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1980-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கான இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட இந்திய நாய்கள் தபால் தலைகளில் இராஜபாளையமும் இடம்பெற்றது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளங்கள் அமைப்பு 2020-இல் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றைப் பதிவு பெற்ற நாய் இனங்களாக அறிவித்தது. 2005-இலேயே, டாஷா என்னும் பாக்சர் பெட்டையின் மரபுத்தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டு, சுமார் 240 கோடி எழுத்துகள் கொண்ட நாயின் மரபேடு ஆய்வாளர் கைக்கு வந்துவிட்டதால், சுமப்பி நாயைக் குருதித் துளியிலோ எச்சிலிலோ கண்டறியும் சோதனைகள் பல குறைபாடுகளுக்கு இன்று உள்ளன. எனினும் பதிவும் சோதனையும் ஓர் இனத்தின் எல்லையையே காட்டித் தரும். அந்த எல்லைக்குள் எத்தனை வகை மரபு உயிரோடு இருக்க வேண்டும் என்பதை வளர்ப்போரின் கைகளே முடிவு செய்கின்றன.

இங்கே கொல்லிமலையின் கொல்லைக்குத் திரும்புவது பயன் தரும். அம்மலை உழவர் சாமை என்னும் ஒரே பயிரில் மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை எனப் பல வகைகளைப் பேணி வந்தனர். முந்தி விளைவது ஒன்று, பிந்தி விளைவது ஒன்று, மெலிந்த மண்ணைத் தாங்குவது ஒன்று. நல்ல கதிரைத் தேர்ந்து விதைக்கு வைப்பதில் அவர்கள் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். ஆனால் ஒரு வகை சிறந்தது என்பதற்காக மற்றவற்றை அழித்துவிடவில்லை. கடந்த அரை நூற்றாண்டில், சேலம், நாமக்கல் வட்டார ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால், குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி சாமைக் கொல்லைகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. மரவள்ளி தண்டுக் குச்சியால் நடப்படுவது. ஒரே செடியிலிருந்து வெட்டிய குச்சிகள் அனைத்தும் மரபில் அச்செடியின் மறுபடிகள், தேமல் நோயும் குச்சியோடு குச்சியாகவே கொல்லை விட்டுக் கொல்லை செல்லும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து மலைமக்களோடு சேர்ந்து சிறுதானிய வகைகளை மீட்க உழைத்தது, மறையும் நிலையில் இருந்த அந்த விரிவைக் காப்பதற்கே. ஒற்றைக் கடுவனை நாடும் நாய் இனம் மரவள்ளிக் கொல்லையை ஒத்தது. எடப்புளி நாட்டின் நாட்டு நாய் பழைய சாமைக் கொல்லையை ஒத்தது. இந்தியா உள்பட 38 நாடுகளின் ஊர் நாய்களை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வும், வளர்ப்பு இனங்களில் காணப்படாத மரபு விரிவு ஊர் நாய்களிடமே மிகுந்திருப்பதை உறுதி செய்தது.

ஆகவே ஓர் இனத்தைக் காப்பது என்பது அதன் சிறந்த நாய் ஒன்றைப் பெருக்குவதைவிட அகன்ற பணி. ஒரே கடுவனை எல்லாப் பெட்டைக்கும் சேர்க்காதிருத்தல், மூன்று தலைமுறை வரை பொது முன்னோர் இல்லாத இணையைத் தேடுதல், ஊர்களிடையே நாய்களை மாற்றிக்கொள்ளுதல், தேவை ஏற்படும்போது அதே வட்டாரத்து நல்ல நாட்டு நாயின் குருதியைத் திட்டமிட்டுச் சேர்த்தல் ஆகியவை அப்பணியின் பகுதிகள். இவை அனைத்துக்கும் முதற்கருவி ஒரு குறிப்பேடு. எந்த நாள், எந்தக் கடுவன், எந்தப் பெட்டை, எத்தனை குட்டி, அவற்றுள் எத்தனை செவிடு, எத்தனை இறந்து பிறந்தன, வளர்ந்த குட்டி காவலில் எப்படி என்பதை மறைக்காமல் எழுதும் குறிப்பேடு இல்லையெனில், மரபணுச் சோதனைகூடப் பொருளற்றுப் போகும். எடுத்தனூர்க் கல்லை நட்டவர்கள் ஆண்டையும் பெயரையும் செயலையும் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே அத்தகைய ஒழுங்கோடு எழுதி வைத்தனர்; அந்த ஒழுங்கு ஒவ்வோர் ஈத்துக்கும் ஒரு பக்கமாக வளர்ப்போரின் வீட்டில் தொடருமானால், கோவிவனின் மரபு பெயரளவில் இன்றிக் குருதியிலும் நிலைக்கும்.